ஆங்கில வகுப்பும் ஆற்றுத் தண்ணீரும்

திருநெல்வேலியின் தச்சநல்லூரில் ஒரு குடும்பம் பிள்ளையை ஆங்கில வழியில் சேர்ப்பது சுற்றுச்சூழலைக் காப்பதற்காக அல்ல. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்த பிறகு, கட்டணம் கட்ட முடியாதவர்களும் பிள்ளைகளை அங்கே அனுப்புகிறார்கள். நேர்முகத் தேர்வில் தடுமாறாமல் பேச வேண்டும், வெளியூர் போனால் கூச்சப்படாமல் நிற்க வேண்டும் என்பதே அவர்கள் கேட்பது. அதை ஏற்றுக்கொண்ட ஆசிரியருக்கு அது ஒரு கடன். அப்படியிருக்க, அந்தப் பாடவேளையில் ஒரு பங்கைப் புவி வெப்பமாதலுக்குக் கொடுப்பது நியாயமா?

வகுப்பில் புவி வெப்பமாதலைப் பேசுங்கள் என்ற வேண்டுகோள் இன்று உலகெங்கும் ஆங்கில ஆசிரியர்களிடம் வைக்கப்படுகிறது. 2021-ல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டையொட்டி பிரிட்டிஷ் கவுன்சில் இதற்கென ஓர் ஒலித்தொடரே வெளியிட்டது. நோக்கத்தில் குறையில்லை. ஆனால் தாமிரபரணிக் கரையில் உட்கார்ந்து யோசித்தால் விடை அவ்வளவு சுலபமாக வருவதில்லை.

முதல் தயக்கம் குற்ற உணர்வைப் பற்றியது. குழாயை மூடு, மரம் நடு, நெகிழிப் பையைத் தவிர் என்று கட்டளை வாக்கியங்களுக்கு எடுத்துக்காட்டாகவே பல வகுப்புகளில் சூழலியல் நுழைகிறது. ஓர் இந்தியரின் பங்காக ஆண்டுக்கு வெளியேறும் கரியமில வாயு சராசரியாக ஏறக்குறைய 2 டன். ஓர் அமெரிக்கருக்கு அது ஏறக்குறைய 14 டன். இந்த இரண்டு எண்களையும் மறைத்துவிட்டு, மின்விசிறியைக்கூட யோசித்துப் போடும் வீட்டுப் பிள்ளையிடம் உலகைக் கெடுத்ததற்கான வாக்குமூலத்தை எழுதி வாங்குவது அநீதி. அது நல்லெண்ணத்தோடு நடந்தாலும் அநீதியே.

அதற்காக வாய் மூடியிருப்பதும் சரியாகாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பதிவானது. திருநெல்வேலிச் சந்திப்புப் பகுதிக்குள் வெள்ளம் ஏறியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். அந்த இரவைக் கண்ட பிள்ளைகள்தான் இப்போது வகுப்பில் இருக்கிறார்கள். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதலாக ஈரம் சுமக்கும் என்ற செய்தி அவர்களுக்கு வெறும் அறிவியல் குறிப்பு அல்ல. ஆனால் வெள்ளத்தின் பழி முழுவதையும் வெப்பமாதலின்மேல் ஏற்றவும் கூடாது. காலநிலை மாற்றம் என்ற பெரிய பெயரைச் சொன்னதும், குளத்தை மேடாக்கி மனை போட்டவரும் கால்வாயில் கழிவைத் திருப்பியவரும் பார்வையிலிருந்து நழுவிவிடுகிறார்கள்.

2018-ல் புதுப்பிக்கப்பட்ட தமிழ்நாட்டு ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் சர் சி. வி. ராமன் தண்ணீரைப் பற்றி எழுதிய கட்டுரை ஒன்று பாடமாக இருக்கிறது. நைல் நதிச் சமவெளியில் தொடங்கி, மண்ணரிப்பு, மழைநீரைத் தேக்குவது என்று விரியும் அந்தக் கட்டுரை, தென்னிந்தியாவின் மழைநீர்க் குளங்கள் பராமரிப்பின்றிக் கிடப்பதைக் கவலையோடு சொல்கிறது. சூழலியலை ஆங்கில வகுப்புக்குள் யாரும் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. அது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் பல இடங்களில் அந்தப் பாடம் ஒத்தசொல், எதிர்ச்சொல், ஐந்து வினா விடை என்று முடிந்துவிடுகிறது. சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வரும் நெல்லைக் கால்வாயும் நயினார்குளமும் நடந்து போகும் தூரத்தில் இருக்க, நைல் நதியை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டுப் பிள்ளைகள் அடுத்த பாடத்துக்குப் போகிறார்கள். ராமன் சொன்ன குளம் எது என்று கேட்பதால் பெற்றோருக்குச் செலுத்த வேண்டிய கடன் குறைந்துவிடாது. பார்த்ததைச் சொல்லத் தேடும்போது ஒட்டும் ஆங்கிலம், பார்க்காததை ஒப்பிக்கும்போது ஒட்டுவதில்லை.

எழுத்துப் பயிற்சியைப் பாருங்கள். தெருவில் குப்பை தேங்குவதாக மாநகராட்சி ஆணையருக்குக் கடிதம் எழுதுவது தேர்வுகளில் அடிக்கடி வரும் வினா. அனுப்புநர் எக்ஸ் எக்ஸ் எக்ஸ், முகவரி ஒய் ஒய் ஒய். விடைத்தாளில் அடையாளம் கூடாது என்பதற்காக வந்த இந்த ஏற்பாடு தேர்வுக்குச் சரிதான். ஆனால் ஆண்டு முழுவதும் வகுப்பிலும் இதே பெயரில்லாத கடிதம்தான் எழுதப்படுகிறது. மாநகராட்சிக் குப்பைக்கிடங்கு இருக்கும் ராமையன்பட்டி தச்சநல்லூருக்குப் பக்கத்தில்தான். அங்கே தீப்பிடித்துப் புகை பரவுவது ஊரறிந்த செய்தி. அந்தப் புகையைச் சுவாசிக்கும் பிள்ளைக்கு, யாருக்கும் போய்ச் சேராத புகாரை மட்டும் எழுதப் பழக்கும்போது மொழியோடு இன்னொன்றையும் கற்பிக்கிறோம்: புகார் என்பது மதிப்பெண்ணுக்காக.

அப்படியானால் கடிதத்தை உண்மையிலேயே அனுப்பச் சொல்லலாமா? இங்கே எச்சரிக்கை தேவை. ஆசிரியரின் கோபத்துக்குப் பிள்ளையின் கையெழுத்தைக் கருவியாக்குவது தவறு. நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட்ட அரசு ஆசிரியர் தாம் எழுதத் துணியாததைப் பதின்மூன்று வயதுப் பிள்ளையை எழுத வைப்பது அதைவிடத் தவறு. அனுப்ப விரும்பும் பிள்ளை, வீட்டாருக்குத் தெரிந்து, தன் பெயரில், தான் கண்டதை மட்டும் எழுதி அனுப்பட்டும். விரும்பாத பிள்ளைக்கு அதனால் ஒரு மதிப்பெண்ணும் குறையக் கூடாது.

இந்த விஷயத்தில் ஆங்கிலத்துக்கு உண்மையான ஒரு பயன் உண்டு. 2020 மார்ச்சில் மத்திய அரசின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியானது. ஜூன் 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம், எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் அதை மொழிபெயர்க்க உத்தரவிட்டது; மத்திய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. ஒரு திட்டத்துக்காகப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு நடக்கும் ஊரிலும் உள்ளூர் மொழியில் கிடைப்பது பெரும்பாலும் சுருக்கம்தான். முழு மதிப்பீட்டு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் தமிழில் சொன்னால், ஒரு தெருவுக்கே விவரம் தெரியும். ஆனால் இதைக் காட்டி அரசு தன் கடமையிலிருந்து விலகிக்கொள்ள முடியாது. ஆங்கிலம் அறியாத தாய்க்கும் தன் ஆற்றைப் பற்றிய ஆவணத்தைத் தமிழில் கேட்கும் உரிமை உண்டு. இதைச் சொல்ல வேண்டிய முதல் ஆள் ஆங்கில ஆசிரியர்தான் என்று தோன்றுகிறது.

கடைசியாக, விடைத்தாள் திருத்தும் மேசை. கங்கைகொண்டான் சிப்காட் வளாகக் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2016 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் தடை கோரிய வழக்கைத் தள்ளுபடி செய்தது. இதை விவாதத் தலைப்பாகக் கொடுத்தால், ஆலைக்குத் தண்ணீர் வேண்டும், அதை நம்பித்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது என்று ஒரு மாணவன் எழுதக்கூடும். அவனுடைய தரவுகள் சரியாக இருந்து, வாதம் கோவையாக இருந்து, வாக்கியங்கள் பிழையின்றி இருந்தால், ஆற்றை நேசிக்கும் ஆசிரியர் அவனுக்கு முழு மதிப்பெண் போட்டே ஆக வேண்டும். அவருக்கு மாற்றுக் கருத்து இருந்தால் அடுத்த நாள் வகுப்பில் அதைச் சொல்லி, அவனை ஆங்கிலத்திலேயே பதில் சொல்ல விடலாம்.