எல்லையிலிருந்து வங்கிக்கு

சேலத்து ஃபேர்லேண்ட்ஸ் ஆனாலும் நாமக்கல் ஆனாலும், பொதுத்துறை வங்கியில் நகைக்கடன் சீட்டில் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் எழுத்தர் முன்னாள் படைவீரராக இருக்கக்கூடும். எழுத்தர் பணியிடங்களில் 14.5 விழுக்காடு அவர்களுக்கான ஒதுக்கீடு. போரில் உயிர்நீத்தோரின் குடும்பத்தாருக்கும் அதில் பங்குண்டு. படித்த இளைஞரின் வாய்ப்பு குறைகிறதே என்பார்கள். அந்த ஆதங்கத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் படை இளமையாக இருக்க வேண்டும் என்று சிப்பாய்களில் பலரை நாற்பதை ஒட்டிய வயதிலேயே வீட்டுக்கு அனுப்புவது அரசுதான். அப்போது பிள்ளைகள் பள்ளியில் படிப்பார்கள், பெற்றோர் தளர்ந்திருப்பார்கள். ஓய்வூதியம் மட்டும் எப்படிப் போதும்? சியாச்சினிலும் கார்கிலிலும் நின்றவருக்கு இரண்டாவது வேலை சலுகையல்ல, பாக்கி. மாலையில் மகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் வாழ்க்கை இவ்வளவு தாமதமாகத்தான் அவருக்கு வாய்க்கிறது.