அழித்தது எதை?

விடியற்காலை. திருவண்ணாமலை கிரிவலப் பாதை. மலையடிவாரக் காட்டிலிருந்து ஒரு புள்ளிமான் எட்டிப் பார்த்தது. நண்பர் மூச்சைப் பிடித்துக்கொண்டு 'க்ளிக்'கினார்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தால், மானின் காலடியில் ஒரு பிளாஸ்டிக் பை! "இதென்ன பிரமாதம்?" என்று ஃபோட்டோஷாப்பில் அழித்தார். வெளிச்சத்தையும் கொஞ்சம் கூட்டினார். படம் ஜோர்!

வெளிச்சம் கூட்டுவது, முகம் கழுவிப் பொட்டு வைக்கிற மாதிரி. தப்பில்லை. ஆனால், இருந்ததை இல்லை என்பது?

1982-ல் 'நேஷனல் ஜியாக்ரபிக்' பத்திரிகை, அட்டையில் அடங்கவேண்டுமே என்று எகிப்து பிரமிடுகளையே கம்ப்யூட்டரில் நெருக்கி வைத்தது. கண்டனம் கிளம்பியது. இத்தனைக்கும், அதனால் பிரமிடுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

மானுக்கு உண்டு. சோற்று வாசனைக்கு மயங்கி அந்தப் பையைத் தின்றால், வயிற்றில் அடைத்துக்கொள்ளும். உயிரே போகலாம். படத்தைப் பார்ப்பவரோ, 'அட, காடு எவ்வளவு சுத்தமா இருக்கு!' என்று நிம்மதியாகத் தூங்கப் போவார். ஆக, அழிந்தது பை மட்டுமல்ல, மானின் புகாரும்தான்.

நீங்களும் படம் எடுப்பவரா? மான் போனதும் நாலு எட்டு வைத்து, குனிந்து அந்தப் பையை எடுத்துவிடுங்கள். அப்புறம் கம்ப்யூட்டரில் அழித்தால், பொய்யின் பாரம் பாதியாவது குறையும்!