நோயில்லாத கோழிக்கு மருந்து

அல்லிநகரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடை முன்னால் நிற்பவர்கள் விலையைக் கேட்பார்கள், எடையைக் கவனிப்பார்கள். அந்தக் கோழி உயிரோடிருந்த நாற்பது நாளில் என்ன மருந்து குடித்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் கடைக்காரரிடம் பதில் இருக்காது. பல நேரம் அதை வளர்த்த விவசாயியிடமே இருக்காது. ஒப்பந்த வளர்ப்பில் குஞ்சு, தீவனம், மருந்து மூன்றும் கம்பெனியிலிருந்து வருகின்றன. கொட்டகை, கரண்ட், தண்ணீர், தரையில் பரப்பும் தேங்காய்நார்த் தூள், ராத்தூக்கம் கெட்ட உழைப்பு ஆகியவை விவசாயியுடையவை. கோழி அவருக்குச் சொந்தமில்லை. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி மட்டும் அவருக்கு வரும். ஆகவே ‘பண்ணைக்காரர்கள் ஆன்டிபயாட்டிக்கை அள்ளிக் கொட்டுகிறார்கள்’ என்ற வழக்கமான குற்றச்சாட்டு, எடுத்த எடுப்பிலேயே தவறான ஆளைப் பிடித்துக்கொள்கிறது.

நோய்ப்பட்ட விலங்குக்கு மருந்து கொடுப்பது தவறா என்பதில் பெரிய சிக்கல் இல்லை. கொடுக்கத்தான் வேண்டும். ‘மருந்தே படாத கறி’ என்று பெருமைப்படும் விளம்பரங்களின் பின்னால், சிகிச்சையில்லாமல் துடித்துச் செத்த உயிர்கள் இருக்கலாம் என்பதையும் நினைக்க வேண்டும். சிக்கல் நோயில்லாத விலங்குக்குக் கொடுப்பதில் இருக்கிறது. 1940-களின் இறுதியில் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் ஜூக்ஸ், ஸ்டோக்ஸ்டாட் என்ற இருவர், ஆரியோமைசின் மருந்து தயாரித்தபின் மிஞ்சிய கசடைக் கோழிக்குஞ்சுகளுக்குத் தீனியில் கலந்து கொடுத்தார்கள். குஞ்சுகள் வேகமாக எடை போட்டன. அங்கிருந்து ஒரு பழக்கம் உலகமெங்கும் பரவியது: சிறு அளவில், தினந்தோறும், கொட்டகை முழுவதற்கும். வளர்ச்சிக்காக என்று தொடங்கியது பிறகு ‘நோய் வராமல் தடுக்க’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆயிரக்கணக்கான கோழிகளை நெருக்கி அடைத்த கொட்டகையில் இடமும் காற்றும் சுத்தமும் செய்ய வேண்டிய வேலையை மருந்து செய்கிறது. அந்த மூன்றையும் விட மருந்து மலிவு.

கிருமிகளுக்கோ இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் கிடையாது. கொல்லப் போதாத அளவு மருந்தில் பிழைத்தவை பெருகுகின்றன. பிழைக்கும் வித்தையை மரபணுத் துண்டுகளாக வேறு இனக் கிருமிகளுக்கும் கைமாற்றுகின்றன. ‘நன்றாக வேகவைத்தால் என்ன ஆகும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. வெந்த கறியில் கிருமி சாகும், சரி. கோழியை உரித்த கையில், வெட்டிய கட்டையில், கழுவிய தண்ணீரில், அள்ளிப்போன எருவில் இருப்பது சாகாது. கறியில் தங்கும் மருந்து எச்சம் இன்னொரு தனிக் கேள்வி. டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014-ல் தலைநகர் வட்டாரத்தில் வாங்கிச் சோதித்த 70 கோழிக்கறி மாதிரிகளில் 40 சதவீதத்தில் ஆன்டிபயாட்டிக் எச்சம் இருந்தது. செய்தித்தாள்கள் எச்சத்தைப் பற்றியே அதிகம் எழுதின. சாப்பிடுபவரின் பயத்தைத் தொடுவது அதுதான். ஆனால் எச்சம் இல்லாத கறியும், மருந்துக்கு அடங்காத கிருமியை வீட்டுக்குக் கொண்டுவரும். சைவம் சாப்பிடுபவர் இதில் தப்பிவிட்டதாக எண்ண வேண்டாம். கோழி எரு போட்ட தோட்டத்துக் கீரையும் பாலும் அவர் தட்டிலும் உண்டு.

அறக்கேள்வியின் மையம் இங்கே இருக்கிறது. மருந்தின் வீரியம் யாருடைய சொத்து? கம்பம் பள்ளத்தாக்கில் கண்மாய்த் தண்ணீரைப் பற்றி யாருக்கும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மேல்மடைக்காரர் முறை தவறிப் பாய்ச்சினால் கடைமடை காயும் என்று சிறு பிள்ளைக்கும் தெரியும். மருந்தும் அப்படியொரு பொதுநீர்தான். ஒரு வித்தியாசம் உண்டு: அடுத்த மழைக்குக் கண்மாய் நிறையும். வீரியம் இழந்த மருந்து அப்படி மீள்வது அரிது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகளும் பெரும்பணமும் வேண்டும். லாபம் குறைவென்று பெரிய மருந்துக் கம்பெனிகள் பலவும் அந்த வேலையையே விட்டு விலகிவிட்டன. இன்னொரு வித்தியாசம், கடைமடைக்காரர் யாரென்று இங்கே தெரியாது. பச்சிளங்குழந்தைப் பிரிவில் ரத்தத் தொற்றோடு கிடக்கும் சிசுவாக இருக்கலாம். அது கோழி தின்றதுமில்லை, கோழி விற்றதுமில்லை. பாதிக்கப்படுபவர் முகம் தெரியாமல் இருப்பதால் தவறு சிறிதாகிவிடாது. செய்பவருக்கு உறுத்தல் மட்டும் குறைகிறது. 2019-ல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் மரணங்களுக்கு மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்று நேரடிக் காரணம் என்று ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது.

கொலிஸ்டின் கதை இதை நன்றாகக் காட்டும். 1950-ஐ ஒட்டி ஜப்பானில் கண்டறியப்பட்ட பழைய மருந்து அது. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று மருத்துவர்கள் அதைக் கைவிட்டார்கள். மலிவாகக் கிடைத்ததால் பண்ணைகள் எடுத்துக்கொண்டன. பிறகு காலம் மாறியது. பெரிய மருந்துகளையே செயலிழக்க வைக்கும் என்டிஎம்-1 என்ற நொதியைப் பற்றி, சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பங்கேற்ற கட்டுரை 2010-ல் வெளிவந்தது. நொதிக்கு நம் தலைநகரின் பெயரை வைத்துவிட்டார்களே என்ற கோபம்தான் அப்போது பெரிதாகக் கேட்டது. அதற்குள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கடைசி ஆயுதமாகக் கொலிஸ்டின் திரும்பியிருந்தது. 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள், கொலிஸ்டினை எதிர்க்கும் எம்சிஆர்-1 மரபணு பன்றிகளிலும் மனிதர்களிலும் இருப்பதையும், அது கிருமிக்குக் கிருமி தாவக்கூடியது என்பதையும் அறிவித்தார்கள். 2017-ல் சீனா தீவனத்தில் கொலிஸ்டின் கலப்பதைத் தடுத்தது. இந்தியா 2019 ஜூலையில், உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழி, மீன் ஆகியவற்றுக்கு அதைத் தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்தது.

இங்கே எதிர்வாதம் ஒன்று எழும், அது வலுவானதுதான். இந்திய மருத்துவமனைகளில் காணப்படும் கொலிஸ்டின் எதிர்ப்பில் பெரும்பகுதி, தாவும் மரபணுவால் வந்ததல்ல. கிருமியின் சொந்த மரபணு மாற்றத்தால், மருத்துவமனைப் பயன்பாட்டிலேயே உருவானது. சாதாரணச் சளிக்கும் அசித்ரோமைசின் எழுதும் கிளினிக்கையும், சீட்டில்லாமல் மாத்திரையைக் கிழித்துக் கொடுக்கும் மருந்துக்கடையையும் விட்டுவிட்டுக் கோழிக்காரரைப் பிடிப்பது என்ன நியாயம்? கேள்வி நியாயமானது. ஆனால் அது கிளினிக்கையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமே தவிர, கொட்டகையை விடுவிக்காது. இந்தக் கோழியிலிருந்து இந்த நோயாளிக்கு என்று வழி காட்டும் சான்று பெரும்பாலும் கிடைக்காது. கிடைக்கும் காலத்தில் மருந்து போய்விட்டிருக்கும். திருப்ப முடியாத இழப்பில் சான்றுக்குக் காத்திருக்கச் சொல்வது, காத்திருப்பதால் லாபம் பெறுபவரின் வாதம். சீனாவில் தடைக்குப் பிறகு, பன்றிகளிலும் மனிதர்களிலும் கொலிஸ்டினை எதிர்க்கும் கிருமிகள் குறைந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. கையை எடுத்தால் பலன் உண்டு என்பதற்கு அது போதும்.

மருந்தைக் குறைத்தால் தொழில் படுத்துவிடும் என்ற பயத்துக்கும் அனுபவம் பதில் சொல்லியிருக்கிறது. நார்வே சால்மன் பண்ணைகள் 1980-களின் இறுதியிலிருந்து தடுப்பூசிக்கு மாறி, ஆன்டிபயாட்டிக்கை ஏறக்குறைய முழுதாகவே விட்டன. உற்பத்தியோ பல மடங்கு பெருகியது. நெதர்லாந்து 2009-க்குப் பின் சில ஆண்டுகளில் கால்நடை ஆன்டிபயாட்டிக் விற்பனையைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தது. அங்கே ஒவ்வொரு பண்ணைக்கும் பொறுப்பான மருத்துவர் உண்டு. எந்தப் பண்ணை எவ்வளவு பயன்படுத்தியது என்ற கணக்கும் உண்டு. நம் ஊரில் தீவன மூட்டையில் என்ன கலந்திருக்கிறது என்பதையே விவசாயிக்குச் சொல்வதில்லை. தெரிந்தவருக்கும் லாபம் பெறுபவருக்கும்தான் பொறுப்பு முதலில் என்றால், மூட்டையின் மேல் மருந்தின் பெயரைத் தமிழில் அச்சிடும் கடமை கம்பெனியிடம் இருக்கிறது. கேரளாவில் பறவைக் காய்ச்சல் வந்தால் குமுளியிலும் கம்பம்மெட்டிலும் போடிமெட்டிலும் வண்டிகளை நிறுத்திக் கிருமிநாசினி அடிப்போம். எந்தக் காய்ச்சலும் காட்டாத கோழியோடு மலையேறும் கிருமிக்குச் சோதனைச் சாவடி கிடையாது. மூட்டையிலேயே பிடித்தால்தான் உண்டு.

பால்மாட்டின் விஷயம் இதைவிடக் கடினம். அங்கே கம்பெனி இல்லை. இரண்டு மாடு வைத்திருக்கும் பெண்தான் இருக்கிறார். மடிநோய் வந்து, மடி கல்லாகி, மாடு காலை உதைக்கிறது. ஊசி போட்டாக வேண்டும். 2012-ல் வந்த விதிப்படி, உணவுக்கான கால்நடை மருந்தின் மேல் எத்தனை நாள் பால் விலக்க வேண்டும் என்று குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் குறைந்தது ஏழு நாள். ஏழு நாள் பாலைக் கொட்டினால் அந்த வாரத் தீவனக் கடனை எப்படி அடைப்பது? கொட்ட மனமில்லாமல் கன்றுக்குக் கொடுத்தால், கன்றின் குடலில் அடங்காத கிருமி வளரும். கேனில் ஊற்றினால் சொசைட்டியில் கொழுப்பும் சத்தும் அளப்பார்களே தவிர, மருந்து தெரியாது. என்றாலும் அந்தப் பாலுக்கு உறை ஊற்றினால் தயிர் சரியாக உறையாது என்பதைப் பல வீடுகளில் கவனித்திருக்கிறார்கள். மருந்து பாலிலும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

சோற்றுக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்து மடியில் பூசும் முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. தேசிய பால்வள வாரியமும் அதை எடுத்துச் சென்றிருக்கிறது. தொடக்க நிலையில் அது ஊசியைத் தவிர்க்க உதவும், முற்றிய நிலையில் ஊசிதான். அப்போது அந்த ஏழு நாள் நட்டத்தை யார் சுமப்பது என்ற கேள்வி மிஞ்சுகிறது. மருந்தின் வீரியம் எல்லோருக்கும் பொது என்று சொல்லிவிட்டு, அதைக் காக்கும் செலவை மட்டும் மாட்டுக்காரப் பெண்ணின் தலையில் கட்டுவது நேர்மையில்லை. கூட்டுறவு ஒன்றியங்கள் லிட்டருக்குச் சில காசு ஒதுக்கி, மருத்துவர் சீட்டைக் காட்டிப் பாலை விலக்கியவருக்கு ஒரு பகுதி விலையாவது கொடுக்கலாம். அந்தச் சில காசு பால் விலையில் ஏறினால், தேனியிலும் மதுரையிலும் காபி குடிப்பவர்கள் அதைக் கொடுக்கத்தான் வேண்டும்.