மின்சாரத்துக்குக் கொடுத்த வழி

1930களின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களில் பெரும்பாலான வீடுகளில் மின்விளக்கு எரிந்தது. பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் அந்த வசதி இருந்தது. ஒரு மைல் தூரம் கம்பி இழுத்தாலும் இரண்டு மூன்று வீடுகள்தான் கிடைக்கும், போட்ட பணம் திரும்பாது என்று தனியார் மின் நிறுவனங்கள் ஒதுங்கிக்கொண்டன. 1935ல் அதிபர் ரூஸ்வெல்ட் கிராம மின்மயமாக்கத்துக்கென ஒரு நிர்வாகத்தை ஏற்படுத்தினார். அடுத்த ஆண்டு அதற்குச் சட்டமும் வந்தது. விவசாயிகளே கூடிக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தார்கள். கடனை அரசு கொடுத்தது, கம்பம் நட இடத்தை விவசாயிகள் கொடுத்தார்கள். பலர் பணமே வாங்கவில்லை. சிலர் பத்திரத்துக்காகப் பேருக்கு ஒரு டாலர் வாங்கினார்கள். வெளிச்சம் தன் வீட்டுக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் வரப்போகிறது என்னும்போது பெரும்பாலோர் பேரம் பேசவில்லை.

அவர்கள் கொடுத்தது நிலத்தை அல்ல. நம் பத்திரங்களில் வழிநடை பாத்தியம் என்று எழுதுகிறோமே, அந்த வகை உரிமை அது. நிலம் விவசாயியுடையது. அதன் மேல் கம்பி போகலாம், கம்பத்தைப் பழுதுபார்க்க ஆட்கள் வரலாம், இடிக்கும் கிளைகளை வெட்டலாம். எதற்காக என்பதும் பல பத்திரங்களில் எழுதப்பட்டிருந்தது: மின்சாரம் கொண்டுபோக.

இப்போது அதே கம்பங்களின் வழியே இணையம் போக வேண்டியிருக்கிறது. பழைய பாத்தியம் இதற்கும் செல்லுமா என்று நிலக்காரர்கள் கேட்கிறார்கள். செல்லும் என்று மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சட்டம் இயற்றிவருகின்றன. அந்தச் சட்டங்கள் நியாயமானவையா?

தேவை உண்மையானது என்பதை முதலில் தயக்கமில்லாமல் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று மின்சாரத்தைத் தடுத்த அதே கணக்குதான் இன்று பிராட்பேண்டையும் தடுக்கிறது. மைலுக்கு இரண்டு மூன்று வீடு இருக்கும் இடத்துக்குப் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வருவதில்லை. 2020ல் பெருந்தொற்றின்போது பள்ளிகள் மூடப்பட்டதும், வீட்டில் இணைய வசதி இல்லாத பிள்ளைகள் உணவகங்களின் வாகன நிறுத்தத்தில் காருக்குள் உட்கார்ந்து, அங்கே கிடைக்கும் வைஃபையில் வீட்டுப்பாடம் எழுதினார்கள். மருத்துவ ஆலோசனை, வேலைக்கான விண்ணப்பம், விளைபொருள் விலை எல்லாமே இணையத்துக்குப் போய்விட்ட காலத்தில் அது இல்லாத கிராமம் வெறிச்சோடித்தான் போகும். 2021ல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய உள்கட்டமைப்புச் சட்டம் பிராட்பேண்ட் எட்டாத இடங்களுக்கு என்று ஒரே திட்டத்தில் 4,245 கோடி டாலரை ஒதுக்கியது. இந்த வேலையைச் செய்ய மின் கூட்டுறவுச் சங்கங்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. ஏறக்குறைய 900 சங்கங்கள் இருக்கின்றன. நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் அவற்றின் கம்பிகள்தான் போகின்றன. இருக்கும் கம்பத்தில் இன்னொரு மெல்லிய கண்ணாடி இழைக் கம்பியை (ஃபைபர்) கட்டினால் பயிருக்குச் சேதமில்லை, மாட்டுக்குத் தொந்தரவில்லை. ஒவ்வொரு நிலக்காரரையும் தேடிப்பிடித்துப் புதிதாகக் கையெழுத்து வாங்க வேண்டுமென்றால், பலர் இறந்திருப்பார்கள், வாரிசுகள் எங்கெங்கோ சிதறியிருப்பார்கள், வேலை பத்தாண்டு தள்ளிப்போகும்.

இவ்வளவும் சரி. ஆனால் மிசௌரியில் நடந்ததையும் பார்க்க வேண்டும். அம்மாநிலத்தின் தென்பகுதியில் ஷோ-மீ பவர் என்ற மின் கூட்டுறவு நிறுவனம், தன் மின்தடத்தைக் கண்காணிக்க ஃபைபர் போட்டது. அதில் மிச்சமிருந்த கொள்ளளவை அதன் துணை நிறுவனம் தொலைத்தொடர்புச் சேவையாக வெளியாருக்கு விற்றது. நிலக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2015ல் ஜூரி ஏறக்குறைய 7.9 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. 2017ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தொகையை ஏற்கவில்லை. நிறுவனம் நியாயமின்றிப் பெற்ற ஆதாயம் என்ற அடிப்படையில் இழப்பீடு கேட்க முடியாது என்றது. ஆனால் மின்சாரத்துக்கு மட்டும் என்று எழுதிய பத்திரத்தை வைத்துக்கொண்டு தொலைத்தொடர்பு வியாபாரம் செய்தது அத்துமீறல் என்பதை அது உறுதிசெய்தது.

இப்படி ஒரு தீர்ப்புத் தங்களையும் மூழ்கடித்துவிடும் என்று மற்ற மாநிலங்களின் கூட்டுறவுச் சங்கங்கள் அஞ்சியதில் வியப்பில்லை. அந்தச் சங்கங்களுக்கு முதலாளி என்று தனியாக யாரும் கிடையாது. இழப்பீடு விதிக்கப்பட்டால் அதைக் கட்டுவது உறுப்பினர்களான அதே விவசாயிகள்தான். சட்டமன்றங்கள் குறுக்கிட வேண்டியிருந்தது. குறுக்கிட்ட விதத்தில்தான் வேறுபாடு.

டெக்சஸ் 2019ல் இயற்றிய சட்டம் கூட்டுறவுச் சங்கம் பழைய பாத்தியத்தை இணையத்துக்குப் பயன்படுத்தலாம் என்கிறது. ஆனால் முன்கூட்டியே நிலக்காரருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். கம்பி மேலே போகுமா, மண்ணுக்கடியில் போகுமா என்பதையும் சொல்ல வேண்டும். 60 நாளுக்குள் அவர் எழுத்தில் ஆட்சேபித்தால் அந்தச் சட்டத்தைக் காட்டி அவர் நிலத்தில் நுழைய முடியாது. வர்ஜீனியாவின் 2020ஆம் ஆண்டுச் சட்டம் வேறு திசையில் போனது. பழைய மின் பாத்தியங்களைப் பிராட்பேண்டுக்குப் பயன்படுத்தலாம் என்பதே மாநிலத்தின் கொள்கை என்று அறிவித்தது. அதன்பின் அங்கே ஒரு நிலக்காரர் தரப்பு, தன் உரிமை அரசியலமைப்புக்கு மாறாகப் பறிக்கப்படுகிறது என்று கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடியது.

இரண்டாவது வழியில் ஒரு பொய் இருக்கிறது. அதைத்தான் கவனிக்க வேண்டும். பொதுத் தேவைக்காகத் தனியார் சொத்தில் ஒரு பங்கை அரசு எடுத்துக்கொள்வது புதிதல்ல. அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தம் அதை அனுமதிக்கிறது, நியாயமான இழப்பீடு கொடுத்தால். "உன்னிடமிருந்து எடுக்கிறோம், காரணம் இது, விலை இது" என்று சொல்லும் அரசோடு குடிமகன் சண்டை போடலாம், தோற்கலாம், ஆனால் நடந்தது என்ன என்பதில் இருவருக்கும் குழப்பம் இருக்காது. "உன் தாத்தா 1938லேயே இதற்குச் சம்மதித்துவிட்டார்" என்று சொல்லும் சட்டம் எடுப்பதோடு நிற்கவில்லை. இறந்துபோன ஒருவர் வாயில் அவர் சொல்லாத சொல்லைத் திணிக்கிறது. வரப்பில் நடந்துபோக வழிவிட்டவரின் பேரனிடம் வந்து, வழி என்றால் லாரியும் போகலாம் என்றுதான் பொருள் என்று வாதாடுவதைப் போன்றது இது. லாரி அவசியமாகவே இருக்கலாம். அதற்காக அந்தக் கிழவர் கொடுத்தது எது என்பதை மாற்றிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

சேதம் அற்பமானது என்ற வாதம் இந்த இடத்தில் உதவாது. நியூயார்க்கில் அடுக்குமாடி வீட்டுக் கூரைகளில் கேபிள் டிவிக் கம்பி போக வீட்டுக்காரர் அனுமதித்தே ஆக வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. அதற்கு ஈடாக ஒரே ஒரு டாலர் போதும் என்று ஆணையம் நிர்ணயித்திருந்தது. 1982ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இடம் எவ்வளவு சிறியதானாலும் ஒருவர் சொத்தை நிரந்தரமாக ஆக்கிரமித்தால் அது கையகப்படுத்தல்தான், இழப்பீடு உண்டு என்று தீர்ப்பளித்தது. ஏற்கெனவே பாத்தியம் உள்ள நிலத்துக்கு அந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தாது என்று வக்கீல்கள் வாதிடலாம். ஆனால் அதன் அடியிலுள்ள நியாயம் பொருந்தும். கம்பியின் பருமன் இழப்பீட்டுத் தொகையைக் குறைக்கலாம். கேட்க வேண்டிய கடமையைக் குறைக்காது.

இந்தச் சிக்கல் நமக்கும் அந்நியமல்ல, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். தந்திக் கம்பி போட ஆங்கிலேயர் 1885ல் இயற்றிய சட்டம், நிலத்தின் மேல் சொத்துரிமை எதுவும் பெறாமல் பயன்பாட்டு உரிமையை மட்டும் அரசுக்குக் கொடுத்தது. அந்தத் தந்தி அதிகாரத்தை 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், உயர் அழுத்த மின்தடம் அமைப்பவர்களுக்கும் வழங்க இடம் தந்தது. அங்கே மின்சாரத்துக்குக் கொடுத்ததை இணையத்துக்கு நீட்டுகிறார்கள். இங்கே தந்திக்குத் தந்த அதிகாரம் பிரம்மாண்டமான மின்கோபுரங்களைத் தாங்குகிறது. கொங்கு மண்டலத்து விவசாயிகள் கோபுரங்களை எதிர்த்துப் போராடியபோது அவர்களுக்கு இழப்பீட்டுத் தொகை மட்டும் பிரச்சினையாக இருக்கவில்லை. தங்கள் தோட்டத்தில் நிற்கப்போவதைப் பற்றித் தங்களிடம் கேட்கவில்லை என்பதும் அந்தக் கோபத்தில் இருந்தது.

யாருக்காக என்ற கேள்வியும் உண்டு. சட்டங்கள் இதை வேகமாகக் கடந்துபோகின்றன. 1938ன் விவசாயி இலவசமாகக் கொடுத்ததற்குக் காரணம், அந்தக் கம்பி அவர் வீட்டில் வந்து முடிந்தது. இன்றைய ஃபைபர் எல்லா இடத்திலும் அப்படி முடிவதில்லை. ஊரிலிருந்து ஊருக்குப் போகும் முதன்மைத் தடம் நூற்றுக்கணக்கான பண்ணைகளின் மேல் போய், ஒரு வீட்டுக்கும் இணைப்புத் தராமல், தொலைவிலுள்ள நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடப்படலாம். அந்த நிலையில் கிராமத்துப் பிள்ளைகளின் படிப்பைக் காரணம் காட்டி நிலக்காரரின் வாயை அடைப்பது அநியாயம். தன் தலைக்கு மேல் போகும் தடத்திலிருந்து தனக்கு இணைப்பு வேண்டும் என்று கேட்கும் உரிமையை, பாத்தியத்தை விரிவுபடுத்தும் எந்தச் சட்டமும் நிலக்காரருக்குத் தர வேண்டும். இது சலுகை அல்ல. அன்றைக்குக் கைமாறியது அதுதான்.

பிடிவாதக்காரரை என்ன செய்வது? பள்ளத்தாக்கில் நாற்பது வீடுகள் காத்திருக்க, ஒருவர் மட்டும் மறுத்தால்? டெக்சஸ் சட்டத்தின் பலவீனம் இங்கே தெரிகிறது. ஆட்சேபம் வந்த இடத்தில் தடம் சுற்றிப்போக வேண்டும், அல்லது வேலை நின்றுபோகும். ஒருவருடைய மறுப்பு நாற்பது குடும்பங்களின் கதவை அடைக்க விடக் கூடாது. அந்த இடத்தில் அரசு தன் கையகப்படுத்தும் அதிகாரத்தை வெளிப்படையாகப் பயன்படுத்தட்டும்: அறிவிப்புக் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்டு, நிலத்தின் மதிப்பு எவ்வளவு குறைகிறது என்று கணக்கிட்டு, அந்தப் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் கம்பியை இழுக்கட்டும். கம்பி ஏற்கெனவே நிற்கும் கம்பத்தில்தான் என்றால் தொகை மிகச் சிறியதாகவே இருக்கும். அந்தச் செலவைத் தாங்க முடியாத சங்கங்களுக்கு, ஒதுக்கியிருக்கும் 4,245 கோடி டாலரிலிருந்து மாநிலங்கள் கொடுக்கலாம்.