கைலாகும் கைகுலுக்கலும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள கெட்டிஸ்பர்க் சிற்றூரில், 1913 ஜூன் கடைசியிலிருந்து ஜூலை 4 வரை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கிழவர்கள் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். எல்லோரும் உள்நாட்டுப் போரில் துப்பாக்கி பிடித்தவர்கள். 1863இல் அதே வயல்வெளியில் மூன்று நாள் நடந்த சண்டையில் செத்தவர், காயம்பட்டவர், காணாமற்போனவர் என்று இரு தரப்பிலும் சேர்த்து ஏறத்தாழ 51,000 பேர். அதன் ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்குத்தான் வடக்கும் தெற்கும் ஒரே முகாமில் சாப்பிட்டுப் படுத்தன.

வெயிலோ நூறு டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டது. பெரும்பாலோர் எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களுக்கு வழிகாட்டவும், சொன்ன வேலைக்கு ஓடவும், தடுமாறினால் தாங்கிக்கொள்ளவும் சாரணச் சிறுவர்கள் நின்றார்கள். அந்த நாட்டில் சாரணர் இயக்கம் பிறந்தே மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது.

தெற்கின் படை, அடிமைமுறையைக் காப்பதற்கென்றே பிரிந்துபோன ஓர் அரசுக்காகப் போரிட்ட படை. அந்தச் சாம்பல் நிறச் சீருடைக்காரருக்குக் கைலாகு கொடுத்த சிறுவன், அவருடைய கொடிக்கும் கைலாகு கொடுத்தவன் ஆகிறானா?

ஆகமாட்டான். மயங்கி விழப்போகிற கிழவரிடம் நீ எந்தப் பக்கம் நின்றாய் என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் கொடுப்பது அறமல்ல, விசாரணை. இதற்கு அறநூல் எதையும் புரட்ட வேண்டியதில்லை.

சிக்கல் இருப்பது வேறிடத்தில். ஜூலை 3 அன்று, அரை நூற்றாண்டுக்கு முன் தெற்கின் தளபதி பிக்கெட்டின் படை மோதிச் சிதறிய அந்தக் கல்சுவருக்கு இருபுறமும் பழைய பகைவர்கள் நின்று, சுவருக்கு மேலாகக் கை நீட்டிக் குலுக்கிக்கொண்டார்கள். அதைப் பொய்யென்று சொல்ல மனம் வரவில்லை. சுட்டவனும் சுடப்பட்டவனும் நேருக்கு நேர் நின்று, போகட்டும் விடு என்றால் குறுக்கே பேச யாருக்கு உரிமை? அந்தக் காயம் அவர்களுடையது.

ஆனால் மேடை அதோடு நிற்கவில்லை. போர் எதனால் மூண்டது என்று பேச நாம் இங்கே வரவில்லை என்றார் வர்ஜீனியா ஆளுநர். மறுநாள் வந்த குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன், சண்டை மறந்துபோயிற்று என்றார். யாருடைய சண்டை? போர் தொடங்கும்போது அடிமைகளாக இருந்தவர்கள் ஏறக்குறைய 40 லட்சம் பேர். வடக்கின் ராணுவத்தில் சேர்ந்த கறுப்பின வீரர்கள் 1,80,000 பேர் அளவில். கெட்டிஸ்பர்க் சண்டையில் கறுப்பினப் படைப்பிரிவு எதுவும் இல்லையே என்று சமாதானம் சொல்லலாம். அது செல்லாது. அந்தச் சண்டையில் இருந்தவர்களுக்கு மட்டுமல்ல, போரின் பழைய வீரர்கள் எல்லோருக்குமே அழைப்பு போயிருந்தது. அப்படியும் முகாமில் கறுப்பினத்தவர் கண்ணில் பட்டது பெரும்பாலும் சமையலிலும் கூலி வேலையிலும்தான். அதே 1913இல் வில்சனின் அரசு வாஷிங்டன் அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தனியே பிரித்து உட்காரவைத்துக்கொண்டிருந்தது.

இரண்டு பேர் தங்களுக்குள் இருந்த கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம். மூன்றாமவருக்கு வரவேண்டிய பாக்கியையும் சேர்த்துத் தள்ளுபடி செய்ய அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. அவர் அந்த இடத்திலேயே இல்லாதபோது செய்தால், அதற்குச் சமரசம் என்று பெயரில்லை. இதில் தண்ணீர் தூக்கிய பையன்மேல் குற்றமில்லை. அழைப்பையும் நிகழ்ச்சி நிரலையும் எழுதிய பெரியவர்கள் அப்படித் தப்பிக்க முடியாது. தொண்டு என்ற ஒரே சொல்லுக்குள் இருவரும் ஒதுங்கிக்கொள்வதுதான் வழக்கமாக நடக்கிறது. இன்றைக்கும் முதிய படைவீரர்களுக்காக ஓடியாடுகிறவர்களில் பலர், நாற்காலி தள்ளுகிற வேலையைத் தாண்டி மேடையில் என்ன பேசப்படுகிறது என்று காதுகொடுப்பதில்லை. வேலை மும்முரத்தில் அது இயல்புதான். ஆனால் வளர்ந்தவருக்கு அந்தச் சலுகை சிறுவனுக்குக் கிடைக்கிற அளவு கிடைக்காது.

அதே மைதானத்தில் 1938இல் கடைசிச் சந்திப்பு நடந்தது. இரண்டாயிரத்துக்கும் குறைவானவர்களே வந்தார்கள். பெரும்பாலோர் தொண்ணூறு வயதைத் தாண்டியவர்கள். ஆளுக்கொரு துணையாள் அரசுச் செலவில். அப்போதைய குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் அமைதி நினைவுச் சின்னம் ஒன்றைத் திறந்துவைத்தார். மூன்றாமவரின் பாக்கியோ அப்போதும் நிலுவையில்தான் இருந்தது; தெற்கில் கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்குக் காவலாக ஒரு சட்டம் வந்தது 1965இல். அதற்குள் இரு தரப்புக் கிழவர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.