எழுந்து போகாத மனிதர்

நாலு பேர் முன்னால் உங்கள் வேலை சொதப்பப் போகிறது. தப்பு உங்களுடையது இல்லை. என்ன செய்வீர்கள்? 'என் பேரைக் கெடுக்காதீங்க, ஆளை விடுங்க' என்று எழுந்து போய்விட மாட்டீர்களா?

இங்கிலாந்தின் சர் எட்வர்ட் எல்கருக்கு அப்படிப் போக முழு நியாயம் இருந்தது. முதல் உலகப் போர் ஓய்ந்த மறுவருஷம், 1919-ல், சஸ்ஸெக்ஸ் காட்டோரத்துச் சின்ன வீட்டில் உட்கார்ந்து ஒரு செல்லோ கான்செர்ட்டோ எழுதினார். வயது 62. செல்லோ, வயலினுக்குப் பெரியண்ணன். ஆர்ப்பாட்டமே இல்லாத, தொண்டை கம்மிப் பேசுகிற மாதிரியான இசை.

அக்டோபர் 27, லண்டன் குவீன்ஸ் ஹாலில் அரங்கேற்றம். எல்கர் தன் படைப்பைத் தானே நடத்த வேண்டும். மற்றவற்றுக்கு ஆல்பர்ட் கோட்ஸ். ஒத்திகையில் கோட்ஸ் நேரத்தை இழுத்தடிக்க, எல்கருக்கு மிஞ்சியது கொசுறு.

விலகிவிடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் செல்லோ வாசிக்க வந்த ஃபீலிக்ஸ் சால்மண்ட், அதற்காக ராப்பகலாக உழைத்திருந்தார். அந்த ஒருவருக்காகவே எல்கர் மேடை ஏறினார்.

ஏறி, அவமானப்பட்டார். வாத்தியக் குழு தடுமாறியது. விமர்சகர் எர்னஸ்ட் நியூமன் குழுவைக் கிழித்துத் தோரணம் கட்டினார். அடுத்த ஏப்ரலில் மனைவி ஆலிஸ் இறந்துபோனார். அதற்கப்புறம் அந்த அளவுக்குப் பெரிய படைப்பு எதையும் எல்கர் முடிக்கவில்லை. 1934-ல் காலமானார்.

பி.காம். படித்த என் புத்திக்கு இது சுத்த நஷ்டக் கணக்கு.

ஆனால் அன்று அந்தக் குழுவின் செல்லோ வரிசையில் 19 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பெயர் ஜான் பார்பிரோலி. 1965-ல் அதே லண்டன் சிம்பனி ஆர்க்கெஸ்ட்ரா, அதே கான்செர்ட்டோ. நடத்தியவர் பார்பிரோலி! செல்லோ வாசித்தவர் 20 வயது ஜாக்குலின் டு ப்ரே. உலகமே அந்த இசைத்தட்டைக் கொண்டாடியது.

'பார்த்தீங்களா, கடைசியில் ஜெயிச்சிட்டார்' என்று சொல்ல வரவில்லை. அந்த லாபம் எல்கருக்குத் தெரியவே தெரியாது. இசைத்தட்டு வராமலே போயிருந்தாலும் அவர் செய்தது சரிதான் என்கிறேன்.

'அரைகுறை ஒத்திகையோடு ரசிகர்கள் முன்னால் வரலாமா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தரமும் முக்கியம்தான். ஆனால் நம் தன்மானம் என்று நாம் தூக்கிப் பிடிப்பதில், பாதி இன்னொருத்தர் சிந்திய வியர்வையாக இருக்கிறதே... அதை மட்டும் நம் இஷ்டத்துக்குக் கொட்டிவிட முடியுமா?

அடுத்த தடவை கோபத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கும் முன், பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் திரும்பிப் பாருங்கள்.