ஒன்றும் செய்யாது

நாய் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வாக்கியம் உண்டு. நானும் சொல்லியிருக்கிறேன். 'பயப்படாதீங்க, ஒண்ணும் செய்யாது.' சொல்லும்போது கூடவே ஒரு சிரிப்பு வந்துவிடும். எதிரில் இருப்பவரின் பயத்தை அறியாமையாக, நாய்களோடு பழகாத ஒரு சிறு குறையாகப் பாவிக்கிற சிரிப்பு. இந்த வாக்கியம் பொய் என்று சொல்ல வரவில்லை. பொய் சொல்பவனுக்கு உண்மை என்னவென்றாவது தெரிந்திருக்கும். இதைச் சொல்பவனுக்கு அதுவும் தெரியாது.

பல வருஷங்களுக்கு முன் ஏற்காட்டில் சில நாட்கள் தங்கியிருந்தேன். காப்பித் தோட்டங்களுக்கிடையே இறங்கும் ஒற்றையடிப் பாதையில், விடிந்தும் விடியாத நேரத்தில், நாயோடு நடக்கப் போவேன். செவலை நிறத்து நாட்டு நாய். மொட்டை மாடியையும் தெருமுனைக் கம்பத்தையும் தவிர உலகத்தில் எதையும் அறியாதது. மூன்றாம் நாள் சங்கிலியைக் கழற்றிவிட்டேன். அந்தக் கணத்தில் எனக்குள் எழுந்த பெருமிதத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஒரு ஜீவனுக்கு விடுதலை கொடுத்துவிட்டேனாம். நானே பூட்டிய சங்கிலியைக் கழற்றியதற்கு.

வளைவில் ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தலையில் விறகுக்கட்டு. நாய் குரைத்துக்கொண்டு ஓடியது. கடிக்கவில்லை, தொடக்கூட இல்லை. அவள் பின்வாங்கினாள், கட்டு சரிந்தது, பாதையோரத்துப் பாறையில் கை உரசி விழுந்தாள். நான் 'ஒண்ணும் செய்யாதும்மா, ஒண்ணும் செய்யாதும்மா' என்று கத்திக்கொண்டே ஓடினேன். அவள் விழுந்த பிறகும் கத்திக்கொண்டிருந்தேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முழங்கை தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அதற்குள் நாய் வாலை ஆட்டிக்கொண்டு போய் அந்த முழங்கையை நக்கியது. எனக்கு நெகிழ்ந்துவிட்டது. பாருங்கள், எவ்வளவு பிரியம்! 'பரவால்லீங்க சாமி' என்றாள். பிறகு, 'உங்க நாயிங்களா? நல்லா இருக்குதுங்க' என்றாள். தண்ணீர் ஊற்றினேன், பணம் கொடுத்தேன், கட்டைத் தூக்கிவிட்டேன். போய்விட்டாள்.

அறைக்குத் திரும்பிய பிறகுதான் தடுப்பூசி ஞாபகம் வந்தது. வெறிநோய் ஊசியின் தவணை முடிந்து இரண்டு மாதமாகியிருந்தது. ஊருக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருந்தேன். உரிந்த தோலில் நாயின் எச்சில் படுவதை உலக சுகாதார நிறுவனம் ரத்தம் வரும் கடியோடு ஒரே வகுப்பில், மூன்றாம் வகுப்பில், வைத்திருக்கிறது. காயத்தைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும். ஊசி ஆரம்பிக்க வேண்டும். கடித்த இடத்தில் இம்யூனோகுளோபுலின் போட வேண்டும். நாய் பத்து நாட்கள் நோயின்றி உயிரோடிருந்தால் எச்சிலில் கிருமி இருந்திருக்கவில்லை என்று அர்த்தம். நான் கண்டு நெகிழ்ந்த காட்சி இந்த மூன்றாம் வகுப்பைச் சேர்ந்தது.

அவளைத் தேடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஏற்காட்டில் ஆஸ்பத்திரி இருக்கிறது. மறுநாள் காலை அவளைத் தூரத்தில் பார்க்கவும் செய்தேன். பாதையை விட்டு மேலே சரிவில் ஏறிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தாள், அதே சுமையோடு. கூப்பிடவில்லை. சங்கிலி என் கையில் இருந்தது, இனி எதற்கு அவளைப் பயமுறுத்துவது என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். பத்து நாட்களையும் நான் மட்டும் எண்ணினேன். நாய் சாப்பிட்டது, குரைத்தது, தூங்கியது. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் செய்யாது என்று நான் சொன்னது பதினோராம் நாள் உண்மையாயிற்று. அதுவரை அது என்னவாக இருந்தது? அந்தப் பத்து நாட்களின் ஆபத்து அவளுடைய உடம்பில்; அதைப் பற்றிய அறிவு முழுக்க என்னிடத்தில். அறவியல் புஸ்தகங்கள் எதையும் புரட்டாமலேயே இதில் எங்கே கோணல் என்று தெரிகிறது.

இன்னொன்றும் யோசித்தேன். நிலைமை தலைகீழாக இருந்து, அவளுடைய நாய் என்னைத் தள்ளியிருந்தால்? 'ஒண்ணும் செய்யாது' என்று அவள் சிரித்திருக்க மாட்டாள். ஒரு விறகை உருவி நாயை என் கண்முன்னால் அடித்திருப்பாள். ஆகவே இந்த வாக்கியம் நாயின் குணத்தைப் பற்றியதே அல்ல. யார் யாரிடம் சொல்ல முடியும் என்பதைப் பற்றியது.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் கடித்துக் குதறின. தடுத்த தாயும் காயப்பட்டாள். காவல் வேலைக்காகப் பூங்காவிலேயே குடியிருந்த குடும்பம் அது. பிறகு நடந்த பேச்சு பெரும்பாலும் நாயின் ஜாதியைப் பற்றியே நடந்தது. நமக்கு ஜாதி பேசக் காரணம் கிடைத்தால் போதும். அதற்கு முன் மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டிருந்தது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பூங்கா சிலருக்குக் காற்று வாங்கும் இடம், சிலருக்கு வீட்டு முற்றம் என்பதை யாரும் அதிகம் பேசியதாகத் தெரியவில்லை. ஏற்காட்டுப் பாதையும் எனக்குத்தான் உலாவுமிடம். அவளுக்கு அது அடுப்புக்குப் போகும் வழி.

மனிதரல்லாதவர்களின் முற்றங்களும் உண்டு. புள்ளிமானை நாய் துரத்துகிறது, பிடிக்கவில்லை, திரும்பிவிடுகிறது. உடையவன் கைதட்டிக் கூப்பிட்டுக்கொள்கிறான். ஓட்டத்திலும் பீதியிலும் தசை சிதைந்து அந்த மான் அடுத்த நாளோ மறுநாளோ செத்துப்போகலாம். 1994இல் செரங்கெட்டியில் சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று டிஸ்டெம்பர் நோயால் மாண்டது. சுற்றியிருந்த கிராமத்து நாய்களிடம் புழங்கிய வைரஸ். ஒரு நாயும் ஒரு சிங்கத்தையும் கடிக்கவில்லை. அதே நூறாண்டு முந்தி, 1894இல், நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. பூனை கவ்விவந்து போட்ட பறக்காத சிறு குருவிகளை டேவிட் லயல் என்ற ஊழியர் பாடம் பண்ணி அனுப்ப, உலகம் ஒரு புதிய பறவையைத் தெரிந்துகொண்டது. சில வருஷங்களில் அந்தப் பறவை இல்லை. ஒரே பூனை ஓர் இனத்தையே தின்றுவிட்டதாகப் பிரபலமான கதை. பல பூனைகள் பெருகியிருந்தன என்று பிற்பாடு ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். கதைக்குத்தான் ஒரு குற்றவாளி தேவைப்படுகிறது. பூனையைக் கூடையில் வைத்துப் பூங்காவுக்கு எடுத்துப்போகும் நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். மார்வாரும் கயிறும் மாட்டித்தான் வெளியே எடுக்கிறார். பூனை கூடைக்குள்ளேயே திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்கிறது. பூங்கா பார்க்க விரும்பியது யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இவ்வளவுக்கும் எதிராக ஒரு நாய் என் மனதில் நின்றுகொண்டிருக்கிறது. எம்மானுவேல் லெவினாஸ் 1975இல் எழுதிய சிறு கட்டுரையில் வருவது. பிரெஞ்சு ராணுவ வீரராகப் பிடிபட்டு, ஜெர்மனியில் யூதக் கைதிகளின் தனிப்பிரிவில் காட்டு வேலை செய்தவர் அவர். வழியில் கண்ட சுதந்திர மனிதர்களின் பார்வை அவர்களை மனிதர்களாக எண்ணவில்லை. எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட நாய் ஒன்று மட்டும் காலையில் வரிசையில் நிற்கும்போதும் மாலையில் திரும்பும்போதும் துள்ளிக் குதித்து வரவேற்றது. பாபி என்று பேர் வைத்தார்கள். சில வாரங்களில் காவலர்கள் அதை விரட்டிவிட்டார்கள். அதன் கழுத்தில் கயிறு இருந்திருந்தால் அந்த வரவேற்பு நடந்திருக்காது. இது என்னைத் தொந்தரவு செய்கிறது. கயிற்றைப் பற்றி நான் எவ்வளவு பேசினாலும் உயிருக்கு உயிர் நேராகப் போய்த் தொடுகிற ஒன்றை அது அறுக்கிறது என்பதை மறுக்க முடியவில்லை.

ஆனால் பாபிக்கு எஜமானன் இல்லை. அதன் பின்னால் நின்று யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. கைதிகள் அதைத் தட்டிக்கொடுக்கலாம், கல்லெடுத்து விரட்டலாம், முடிவு அவர்களுடையது. நாஜி முகாம்களின் காவலர்களிடமும் நாய்கள் இருந்தன. அவை எஜமானர்களுள்ள நாய்கள். என் செவலைக்குப் பின்னால் என் சட்டையும் செருப்பும் பாஷையும் நின்றன. அந்தப் பெண் ஒரு நாயைச் சந்திக்கவில்லை. என்னுடைய நாயைச் சந்தித்தாள். அவளால் கல்லெடுத்திருக்க முடியாது.

நாய்க்கும் இந்த வாக்கியம் உதவுவதில்லை. பூங்கா அதை ஒன்றும் செய்யாது என்றுதான் இழுத்துப் போகிறோம். வேலியோர அரளி விஷம். மே மாதத் தார் ரோட்டில் என் புறங்கையைச் சில விநாடிகள் வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் வேகும். நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். புல்லில் உண்ணி. மண்ணில் மாதக்கணக்கில் சாகாத பார்வோ கிருமி, குட்டிகளுக்கு எமன். செவலை அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தது. தவணை தவறாமல் ஊசி போட்டேன், குற்றமுள்ளவன் வட்டி கட்டுவதுபோல.

இப்போது இருப்பது கறுப்பு. காலை ஐந்தரைக்கே பூங்காவுக்குப் போய்விடுகிறோம். ஒரு வேப்பமரத்தடியில் அது மோந்து முடிக்கிறவரைக்கும் கயிற்றைத் தளர்த்திப் பிடித்து நிற்கிறேன். சில நாள் பத்து நிமிஷம்கூட ஆகும். போன வாரம் பால் பாக்கெட்டோடு வந்த பையன் ஒருவன் கொஞ்சம் தள்ளியே நின்று, 'கடிக்குமா சார்?' என்று கேட்டான். பழைய வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. 'தெரியாதுப்பா. கயித்தப் பிடிச்சிருக்கேன்' என்றேன். அவன் நாயைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், பிறகு பாக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு புல்தரையைச் சுற்றி அந்தப் பக்கமாகவே போனான்.